வாசகர் கேள்வி பதில்: கடிந்து பேசிய வாயால் தேவாரம் பாடலாமா?

கேள்வி: பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக இருக்கும் என் மாமியாரைச் சில ஆண்டுகளாக நான்தான் கவனித்து வருகிறேன். உடம்பு துடைப்பது, கஞ்சி ஊட்டுவது, துணி மாற்றுவது எதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் நடு இரவில் அவர் மீண்டும் மீண்டும் அழைக்கும்போது, “நீங்கள் போய்ச் சேர்ந்தால்தான் எனக்கு விடிவு” என்று என்னையும் மீறிச் சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது. வெள்ளிக்கிழமை தேவாரக் குழுவுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். “குலம் பொல்லேன் குணம் பொல்லேன்” என்ற அடி என்னைப் பார்த்தே சொன்னதுபோல் இருக்கிறது. என்னைப் போன்றவளிடம் இறைவனுக்கு அன்பு இருக்குமா? இந்தக் கோபத்தை முதலில் விட்டொழித்துவிட்டுப் பிறகு அவன் சன்னிதிக்குப் போவதுதானே முறை?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: சகோதரி, உங்கள் கடைசி வினாவிலிருந்தே தொடங்குகிறேன். குணம் திருந்திய பிறகுதான் இறைவன் முன் நிற்க வேண்டும் என்பது முறையாக இருந்திருந்தால், நீங்கள் பாடும், சுந்தரர் அருளிய ஏழாம் திருமுறையின் மிக உருக்கமான பதிகங்கள் சில நமக்குக் கிடைத்தே இருக்கமாட்டா.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த வரலாறு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்து தரவேண்டிய நேரத்தில், அதிலிருந்து நழுவுவதற்கும் அவர் வழி தேடினார் என்பதைப் பெரியபுராணத்தில் சேக்கிழார் மறைக்கவில்லை. தாம் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது இறைவன் அங்கிருந்து நீங்கி மகிழ மரத்தடியில் இருக்கவேண்டும் என்று சுந்தரர் வேண்டிக்கொள்கிறார். இறைவனோ, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கிக்கொள்ளும்படி சங்கிலியாருக்கு உணர்த்திவிடுகிறார். பின்னர் வசந்த காலம் வந்து, திருவாரூரும் அங்கிருக்கும் முதல் மனைவி பரவையாரும் நினைவில் எழ, சுந்தரர் சொன்ன சொல்லை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார்; அந்த இடத்திலேயே இரு கண்களும் பார்வை இழக்கின்றன. உங்கள் பிழை களைப்பின் உச்சத்தில் வாய் தவறி வருவது. அவருடையதோ முன்கூட்டியே எண்ணிச் செய்தது. ‘தம்பிரான் தோழர்’ என்று பெயர் பெற்ற ஒருவர் வாழ்வில் இப்படி ஒன்று நடந்ததை நம் முன்னோர் மூடி வைக்காமல் காப்பியத்தில் பாடி வைத்திருக்கிறார்களே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பார்வை போன நிலையில் அவர் என்ன பாடினார் என்பதுதான் உங்களுக்கு வேண்டியது.

“அழுக்கு மெய்கொடுஉன் திருவடி அடைந்தேன்” என்று அந்தப் பதிகம் தொடங்குகிறது. குளித்து முழுகித் தூய்மையாகி வந்தேன் என்று அவர் சொல்லவில்லை; அழுக்கான உடம்போடுதான் வந்தேன் என்கிறார். அடுத்து, “பிழுக்கை வாரியும் பால்கொள்வர் அடிகேள்” என்று இறைவனிடமே வழக்காடுகிறார். பாலை விரும்புகிறவர்கள் பிழுக்கையையும், அதாவது சாணத்தையும், வாரத்தான் செய்வார்கள். அது கிடக்கிறது என்பதற்காகப் பாலை வேண்டாம் என்று விடுவதில்லை. பிறகு, “பிழைப்பன் ஆகிலும் திருவடிப் பிழையேன்” என்கிறார்: நான் தவறு செய்பவன்தான், ஆனாலும் உன் திருவடியை விட்டு அகலமாட்டேன். “வழுக்கி வீழினும் திருப்பெயர் அல்லால் மற்று நான் அறியேன்” என்று அதையே இன்னும் அழுத்திச் சொல்லிவிட்டு, உடனே கண்ணுக்கு ஒரு மருந்து சொல் என்று கேட்கிறார். இதே ஒரு பாட்டில் குற்றத்தை ஒப்புக்கொள்வதும் இருக்கிறது, உரிமையோடு கேட்பதும் இருக்கிறது. நீங்கள் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

அப்பர் பாடிய “குலம் பொல்லேன் குணம் பொல்லேன்” என்ற பாட்டையும் இப்படியே கேட்டுப் பாருங்கள். “குற்றமே பெரிதுடையேன்” என்று அவர் சொல்வது தம்மை ஆட்கொண்டவனிடம். தனியே ஒரு மூலையில் அமர்ந்து தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொள்ளவில்லை. தன் குறையைச் சொல்லி அழ ஓர் இடம் இருக்கிறது என்று நம்புகிறவரால்தான் அவ்வளவு வெளிப்படையாகப் பாட முடியும்.

பார்வையற்ற சுந்தரர் வழியில் திருவெண்பாக்கத்தில் நின்று, “கோயிலில் இருக்கிறாயா?” என்று கேட்கிறார். “உளோம் போகீர்” (இருக்கிறோம், போங்கள்) என்று உள்ளிருந்து விடை வருகிறது. ஊன்றுகோல் ஒன்றும் கிடைக்கிறது. அந்தப் பழைய கோயில் இருந்த இடம் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. இறைவன் இப்போது பூண்டியில் வேறிடத்தில் ஊன்றீசுவரர் என்ற பெயரோடு எழுந்தருளியிருக்கிறார். கண் கேட்டவருக்குக் கோல் மட்டும் கிடைத்ததால் சினந்து அதை வீச, நந்தியின் கொம்பு ஒடிந்தது என்று தல வரலாறு கூறும். அந்தச் சினத்துக்காகவும் இறைவன் அவரைக் கைவிடவில்லை. காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் அளிக்கிறான்.

இதைச் சொல்வதால், அன்பு இருக்கிறது, ஆகவே எப்படியும் பேசலாம் என்று பொருளாகிவிடாது. பார்வை போனது உண்மை. ஆரூர்வரை அவர் பட்ட துன்பமும் உண்மை. அதன் பிறகும், சங்கிலியாரை மணந்ததால் மனம் நொந்திருந்த பரவையார் வீட்டுக் கதவு அவருக்காகத் திறக்கவில்லை. “நான் மன்னித்துவிட்டேன், இனிப் பரவையின் மன்னிப்பு எதற்கு?” என்று இறைவன் சொல்லவில்லை. நள்ளிரவில் ஆரூர்த் தெருவில் தானே தூதாக நடந்து, ஒரு முறைக்கு இரு முறை சென்று அவரிடம் பேசுகிறான். மனம் நொந்தவரின் வாசலுக்குப் போயே தீரவேண்டும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? ஆகவே நீங்கள் உங்கள் மாமியாரிடம் பேச வேண்டும். பகலில், அவர் தெளிவாக இருக்கும் வேளையில், கையைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரி நான் சொன்னது தப்பு அத்தை, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லுங்கள். அவர் என்ன மறுமொழி தருவார் என்று எண்ணித் தள்ளிப்போடாதீர்கள். மறுபடியும் ஒரு நாள் வாய் தவறினால், மறுபடியும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரவெல்லாம் தூக்கமின்றி ஒருவரே பார்த்துக்கொண்டால் எவருக்கும் நாக்கு தடிக்கும். உங்கள் கடிதத்தில் கணவரைப் பற்றியோ நாத்தனார், கொழுந்தனார் பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. வாரத்தில் சில இரவுகளையாவது அவர்களில் ஒருவர் ஏற்றுக்கொள்ளும்படி கேளுங்கள். தயங்க வேண்டாம், அது அவர்களுக்கும் உரிய கடமை. அழுகையும் உறக்கமின்மையும் ஓயாமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுவதில் பக்திக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

தேவாரக் குழுவுக்கு வரும் வெள்ளிக்கிழமையே செல்லுங்கள். கோபம் முழுதும் அடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கு எதைப் பாடலாம் என்று கேட்டால், ஒற்றியூர்ப் பதிகத்தைப் பாடலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.