முதல்வர் காப்பீட்டு அட்டையைக் காட்டி மாதாந்திர மாத்திரை வாங்க முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. சர்க்கரை, பிரஷர், இதய மாத்திரைக்கு மாதம் 3,000 ரூபாய் ஆகிறது. மெடிக்கலில் அட்டையைக் காட்டினால் இது செல்லாது என்கிறார்கள். வயதானவர்களின் மருந்துச் செலவுக்கு அரசு உதவியே கிடையாதா?

பதில்:

மெடிக்கல் கடைக்காரர் சொன்னது சரிதான். அந்த அட்டை ஆஸ்பத்திரியில் செய்துகொள்ளும் சிகிச்சைக்கானது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை ஆபரேஷன், இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கும் ஸ்டென்ட், டயாலிசிஸ் போன்றவற்றுக்கு உதவும். வீட்டில் தினமும் போடும் மாத்திரை அதில் வராது. ஆனால் உதவியே கிடையாது என்பது சரியில்லை. உதவி இருக்கிறது, வேறு இடத்தில் இருக்கிறது. இது தெரியாமல் நாங்கள் 32 மாதம் கஷ்டப்பட்டோம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்களுக்குப் பேரணாம்பட்டு. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். 27 வருடம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில் வேலை பார்த்தார். அதில் பாதி காலம் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில். 2018-ல் 58 வயது முடிந்து நின்றார். கடைசி நாளில் ஒரு சால்வையும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்து, கணக்கு முடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள்.

2019 தீபாவளி முடிந்து இரண்டு வாரம் இருக்கும். விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்றார். வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். ஸ்டென்ட் வைத்தார்கள். காப்பீட்டு அட்டை இருந்ததால் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், திட்டத்தைக் குறை சொல்ல வந்தவள் என்று யாரும் நினைக்கக் கூடாது. 2009-ல் வந்த திட்டம், ஆட்சி மாறிய பிறகு 2012-ல் வேறு பெயரில் தொடர்ந்தது, 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தோடு சேர்ந்தது. எந்தக் கட்சி கொண்டுவந்தது என்ற சண்டையைத் தயவுசெய்து இங்கே ஆரம்பிக்காதீர்கள். எங்கள் நைனா அதனால் உயிரோடு இருக்கிறார்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது 15 நாளுக்கு மாத்திரை கொடுத்தார்கள். பதினாறாம் நாள் சீட்டை எடுத்துக்கொண்டு மெடிக்கலுக்குப் போனேன். ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு, கொழுப்புக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, சர்க்கரைக்கு இரண்டு. மாதம் 2,400 ரூபாய் என்றார்கள். நான் வைத்திருப்பது ஒரு சின்னத் தையல் கடை. அம்மா அப்போது பீடி சுற்றிக்கொண்டிருந்தார். நைனாவுக்குத் தெரியாமல் அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. அவை திரும்பி வரவே இல்லை.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். போயிருக்கலாம். அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்த மாத்திரைகள் இலவசம் என்று எனக்குக் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து வேலூர், அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் இன்னொரு பஸ். கடையைப் பூட்டினால் அன்றைக்கு வருமானம் கிடையாது. ஸ்டென்ட் வைத்த மனிதரை அவ்வளவு தூரம் அலைக்கழிக்கப் பயமாகவும் இருந்தது. இன்று யோசித்தால் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது போயிருக்க வேண்டும்.

2022 ஆடி மாதம், ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் நைனாவோடு வேலை பார்த்த மாமா ஒருவரைப் பார்த்தேன். கையில் மஞ்சள் பை நிறைய மாத்திரை அட்டைகள்.

“என்ன மாமா, இவ்ளோ மாத்திரை?”

“இ.எஸ்.ஐ.ல குடுத்தாங்கம்மா. ஏன், நைனா வாங்கறதில்லையா?”

“அவருதான் ரிடையர் ஆயிட்டாரே மாமா.”

“நான் மட்டும் ஆகலையா? வருஷத்துக்கு நூத்தியிருபது ரூபா கட்டணும், அவ்ளோதான். எனக்கும் அத்தைக்கும் சேத்து.”

எனக்குக் காது அடைத்துப்போனது. இ.எஸ்.ஐ. என்பது சம்பளத்தில் பிடித்து, தொழிலாளிக்கு மருத்துவம் தரும் அரசுக் காப்பீடு. 120 ரூபாய், மாதத்துக்கு 10 ரூபாய். அதில் கணவன், மனைவி இருவருக்கும் மருத்துவம். குறைந்தது ஐந்து வருடம் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருந்து, ஓய்வு வயது வந்து நின்றவர்களுக்கும் விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் சட்ட விதியிலேயே இது இருக்கிறது. யாரும் போடும் பிச்சையில்லை. 2019 ஜூன் வரைக்கும் தொழிலாளி சம்பளத்தில் நூற்றுக்கு 1.75 ரூபாய் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அது 0.75 ஆனது. நைனா அந்த 1.75 ரூபாயை மாதம் தவறாமல் கட்டியவர்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நைனா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் என் தையல் கணக்கு நோட்டை எடுத்து 32 மாதத்தை 2,400-ஆல் பெருக்கினார். 76,800. அதைப் பார்த்துக்கொண்டு, “கடைசி நாள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அந்த ஹாட் பாக்ஸ் இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதற்குப் பிறகும் சும்மா கிடைக்கவில்லை. ஓய்வு பெற்றதற்கும், எத்தனை வருடம் காப்பீட்டில் இருந்தார் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். டேனரியோ அதற்குள் கை மாறிவிட்டது. புது ஆபீஸில் பழைய ரெஜிஸ்டர் இல்லை என்றார்கள். நான்கு முறை நடந்தேன். நைனாவின் பழைய இ.எஸ்.ஐ. அட்டை தகரப் பெட்டியில் ரேஷன் கார்டுகளுக்கு அடியில் கிடந்தது. அந்தக் காப்பீட்டு எண்ணை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அட்டை இருந்தால், கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சுண்ணாம்பில் ஊறிய கைக்கு ரேகை தேய்ந்துவிடும். நைனாவின் விரலை ரேஷன் கடை மெஷின் எடுப்பதில்லை. வருடா வருடம் பி.எஃப். பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்கும்போதும் அதே கதை. எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு விரலைத் துடைத்துத் துடைத்துப் பத்து முறை வைக்கச் சொல்கிறார்கள். அந்தப் பென்ஷனாவது எவ்வளவு? குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். நைனாவுக்கு வருவது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அந்த மெஷினுக்கு முன்னால் தோல் தொழிலாளர்கள் தலைகுனிந்து நிற்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இ.எஸ்.ஐ. உள்ள கம்பெனியில் வேலை செய்கிறீர்களா? அப்படியென்றால், உங்களை நம்பி இருக்கும் அப்பா அம்மாவை, அவர்களுக்கு மாத வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருந்தால், உங்கள் பெயரிலேயே சேர்க்கலாம். 120 ரூபாய்கூட வேண்டாம். எத்தனையோ பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னால் நிரப்பிக் கொடுத்த குடும்ப விவரத்தை மாற்றாமலே விட்டிருக்கிறார்கள்.

உங்களுக்கும் அப்பாவுக்கும் இ.எஸ்.ஐ. இல்லையென்றால் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றுங்கள். அங்கே இரண்டும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயர் சேர்த்துவிட்டால், தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுப்பார். எங்கள் தெருவில் நடக்க முடியாத பாட்டிகள் இரண்டு பேருக்கு இப்படித்தான் கிடைக்கிறது. இதய மாத்திரைக்கு அரசு மருத்துவமனை இதயப் பிரிவில் ஒரு முறை காட்டிப் பதிந்துகொள்ளுங்கள். அலைய முடியாவிட்டால் மத்திய அரசின் மக்கள் மருந்தகம் இருக்கிறது, 2025 பிப்ரவரியில் ஆயிரம் கடைகளோடு ஆரம்பித்த முதல்வர் மருந்தகம் இருக்கிறது. இரண்டிலும் ஜெனரிக் மாத்திரை, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரை, பெரும்பாலும் வெளிக்கடை விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கும். ஆனால் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால் அங்கே திணற வேண்டியிருக்கும். டாக்டரிடமே, “மருந்தோட பேரை எழுதிக் குடுங்க சார்” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

அம்மா பீடித் தொழிலாளி என்றால், பீடித் தொழிலாளர்களுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறையின் மருந்தகங்கள் தனியாக உண்டு. அப்பாவுக்கு 70 ஆனதும் வருமான வரம்பே இல்லாத 5 லட்ச ரூபாய் மத்திய அட்டை ஒன்றும் 2024 அக்டோபரில் வந்திருக்கிறது. ஆனால் அதுவும் ஆஸ்பத்திரியில் சேர்வதற்குத்தான், மாத்திரைக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

அரசு மாத்திரை வேலை செய்யாது, விலை குறைந்தால் தரமும் குறையும் என்று யாராவது கமெண்ட் போடுவார்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-ல் தொடங்கியது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கும் மருந்தை ஒவ்வொரு பேட்ச்சாக ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் அனுப்புகிறது. நான் டாக்டர் இல்லை, மாத்திரையை நீங்களாக மாற்றச் சொல்லவும் இல்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. புதுச் சீட்டில் முழு மாத மாத்திரையும் கைக்கு வந்த பிறகுதான் பழையதை நிறுத்துங்கள். நைனாவுக்கு நான்கு வருடமாக இ.எஸ்.ஐ. மாத்திரைதான். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. இருப்பு இல்லை என்று ஒன்றிரண்டு மாத்திரையை வெளியில் வாங்கச் சொன்ன மாதங்களும் உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் எழுதவில்லை. டேனரியோ, ஷூ கம்பெனியோ, மில்லோ, எதுவானாலும் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடித்தார்களா என்று இன்றைக்கே அவரிடம் கேளுங்கள். பிடித்தார்கள் என்றால் எந்த ஊரில், எத்தனை வருடம் என்று இங்கே எழுதுங்கள். என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்பதை என் நோட்டைப் பார்த்து வரிசையாகச் சொல்கிறேன்.