தரை மூடும் செடிகள்: கேள்வி பதில்

மதுரையிலிருந்து: வாசலில் நாள் முழுக்க வெயில். புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றிக் கட்டுப்படியாகவில்லை அண்ணா. சீக்கிரம் படரக்கூடியது வேண்டும். அதன்மேல் நடக்கவும் செய்வோம்.

பதில்: பொடுதலை வையுங்கள். வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் தானாகக் கிடக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கணுவுக்குக் கணு வேர் விடும் கொடி என்பதால் நாலு விரல் நீளத் துண்டுகளை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழை பாதி வேலையைச் செய்துவிடும். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது, அப்புறம் புல்லுக்கு ஊற்றியதில் பாதிகூடத் தேவைப்படாது. ஒரே ஒரு விஷயம்: பூக்களைத் தேடித் தேனீ வரும். குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள் என்றால் பூக்கும் சமயத்தில் மேலாக வெட்டிவிடுங்கள்.

கோவையிலிருந்து: மஞ்சள் பூ பூக்கும் வெடேலியாவை நர்சரியில் பரிந்துரைக்கிறார்கள். படபடவென்று மூடிவிடுமாமே?

பதில்: மூடும், அதுதான் சிக்கலே. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடி. உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள் என்று ஐயூசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு) வெளியிட்ட பட்டியலில் இதுவும் உண்டு. வெட்டி ஓடைக்கரையில் எறிந்த துண்டுகூடப் பிழைத்துக்கொண்டு கரை முழுக்கப் படரும், வேறு செடிகளுக்கு இடம் விடாது. எனக்கு இதை யார் வீட்டுக்கும் சொல்ல மனம் வருவதில்லை. அதே சாயலில் மஞ்சள் பூ வேண்டுமென்றால் மஞ்சள் கரிசலாங்கண்ணி வையுங்கள். நம் ஊர்ச் செடி, கீரையாகவும் ஆகும். கொஞ்சம் நிதானமாகத்தான் படரும், ஈரமும் கேட்கும். ஏற்கெனவே வெடேலியா வைத்தவர்கள், பிடுங்கியதை வெயிலில் சருகாகக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

சேலத்திலிருந்து: மாமரத்தடியில் எதை வைத்தாலும் செத்துப்போகிறது.

பதில்: அடர்ந்த நிழல், மேலாகப் பரவிய வேர், வறண்ட மண். அங்கே செடி எதற்கு? மாஞ்சருகையே மூடாக்காக விடுங்கள். ஓரத்தில் கைகழுவும் தண்ணீர் போகும் இடம் இருந்தால் வல்லாரை வரும்.

ஈசிஆரிலிருந்து: கடலோர மணல் மனை. காற்றில் மணல் பறக்கிறது.

பதில்: அடப்பங்கொடி. சங்கப் பாடல்களில் வரும் அடும்பு இதுதான். உப்புக் காற்றுக்கு அசையாது, மணலைப் பிடித்து வைக்கும். பல மீட்டர் நீளம் ஓடும் கொடி, சின்ன மனைக்கு அடங்காது.

திருச்சியிலிருந்து: கோரையைப் பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. மேலே ஏதாவது படரவிட்டால் ஒழியுமா ஐயா?

பதில்: முழுதாக ஒழியாது. மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது, பிளாஸ்டிக் மூடாக்கையே துளைத்துக்கொண்டு வரும். ஆனால் கோரைக்கு நிழல் ஆகாது. முதலில் கொத்திக் கிழங்கைப் பொறுக்குங்கள், பிறகு சர்க்கரைவள்ளிக் கொடியை நெருக்கமாக நடுங்கள். சுமார் நாலு மாதத்தில் வள்ளிக்கிழங்கைத் தோண்டும்போது மிச்சக் கோரைக்கிழங்கும் கையோடு வரும். பிறகு பொடுதலைக்கு மாறலாம்.

கடலூரிலிருந்து: தரையை மூடினால் பாம்பு வந்து தங்காதா?

பதில்: எலியும் தவளையும் இருக்கும் இடத்துக்கு அது வரும். வாசற்படி, ஜன்னலடி, மோட்டார் தொட்டியைச் சுற்றி மூன்று அடிக்கு எதையும் படரவிடாமல் வெறும் தரையாக வையுங்கள். மற்ற இடத்தில் கணுக்காலுக்குக் கீழே நிற்கும் செடி மட்டும். இரவில் டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம்.