இன்டர்கூலர் பைப்புக்கு அலுமினியமா, ஸ்டெயின்லெஸ்ஸா? வெல்டிங்கை யாரிடம் கொடுப்பது?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக வைத்துக்கொள்கிறேன். டர்போ பெட்ரோல் கார், சுமார் 200 குதிரைத்திறன், 1 பார் பூஸ்ட் (டர்போ கூட்டித் தரும் காற்றழுத்தம்). டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரைப் பம்பருக்குப் பின்னால் உட்கார வைத்தாகிவிட்டது. இனி டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு ஒரு பைப், அங்கிருந்து இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலுக்கு ஒரு பைப் செய்ய வேண்டும். எந்த உலோகம், எந்த வெல்டர் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வெல்டரைத் தேடுங்கள். அவர் கைக்கு எது சுத்தமாக வருகிறதோ, அந்த உலோகத்தை வாங்குங்கள். கோவையில் டிராக் நாள்களுக்குக் கார் தயார் செய்யும் நண்பர்களோடு பட்டறைகளில் நின்று பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன், நிறையப் பேர் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள். ஆன்லைனில் அலுமினிய பெண்டு (வளைந்த பைப்) செட்டை வாங்கி வீட்டில் வைத்துவிட்டு, அதை ஒட்டித் தர ஆள் தேடி அலைகிறார்கள். கடைசியில் யார் "பண்ணிடலாம்" என்கிறாரோ அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

உலோகத்தைப் பற்றி நடக்கும் சண்டை பெரும்பாலும் சூட்டைப் பற்றியது. அலுமினியம் காற்றைக் குளிர்விக்கும் என்று ஒரு கட்சி. இல்லை, இன்ஜின் சூட்டை அது உள்ளே இழுத்துவிடும், ஸ்டெயின்லெஸ்தான் நல்லது என்று இன்னொரு கட்சி. அலுமினியம் 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸைவிடப் பத்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பது உண்மைதான். ஆனால் காற்று பைப்புக்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பாருங்கள். 200 குதிரைத்திறனுக்கு இன்ஜின் நொடிக்கு ஏறத்தாழ 150 கிராம் காற்றை இழுக்கும். 2 இன்ச் பைப்பில் அது நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒன்றரை மீட்டர் பைப்பைக் கடக்க ஒரு நொடியில் 25-ல் ஒரு பங்கு போதும். அதற்குள் பைப்பின் சுவர் அந்தக் காற்றைப் பெரிதாகச் சூடாக்கவும் முடியாது, குளிர்விக்கவும் முடியாது. குளிர்விக்கத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. சிக்னலில் நின்று கிளம்பும் அந்தச் சில நொடிகளில் வேண்டுமானால் வித்தியாசம் இருக்கும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது: 3 இன்ச் பைப் உங்களுக்கு வேண்டாம். டர்போ பக்கம் 2 இன்ச், த்ராட்டில் பக்கம் இரண்டரை இன்ச் தாராளம். அளவைக் கூட்டினால் பூஸ்ட் நிரம்ப வேண்டிய இடம்தான் கூடும்.

அடுத்த பயம், பைப் தாங்குமா என்பது. 35 டிகிரி வெயிலில் 1 பார் பூஸ்ட் ஏற்றினால், டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் 70 சதவீதத் திறனில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது சுமார் 130 டிகிரி இருக்கும். அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். அழுத்தத்தைப் பார்த்தால் இன்னும் நிம்மதி. ஒன்றரை மி.மீ. தடிமன் உள்ள 2 இன்ச் பைப்பின் சுவரில் விழும் இழுவிசை, சதுர மில்லிமீட்டருக்கு 2 நியூட்டன்கூட இல்லை. வெல்டிங் சூட்டில் முழுக்க இளகிப்போன 6061 ரக அலுமினியமே 50-க்கு மேல் தாங்கும். ஆகவே பைப் வெடிக்காது.

பிடுங்கிக்கொள்வதுதான் நடக்கும். 1 பார் அழுத்தம் 2 இன்ச் பைப்பின் வாயில் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளுகிறது. இரண்டரை இன்ச் என்றால் 32 கிலோ. பைப் வளையும் இடத்துக்குப் பக்கத்தில், பைப்புகளை இணைக்கும் சிலிக்கான் ஹோஸ் இருந்தால், கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்தத் தள்ளு வந்து போகும். பைப்பின் முனை வழவழப்பாக இருந்தால், கிளிப்பை எவ்வளவு முறுக்கினாலும் ஒருநாள் நழுவும். அதனால் ஒவ்வொரு முனையிலும் ஒரு வரம்பு எழுப்பியே ஆக வேண்டும். இந்த வரம்பை உருட்டி எழுப்பும் பீட் ரோலர் வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் முனையிலிருந்து சில மி.மீ. உள்ளே தள்ளி வெல்டரையே சுற்றிலும் ஒரு மெல்லிய வெல்டு ஓட்டச் சொல்லுங்கள். கிளாம்ப் அந்த வரம்புக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேலே அல்ல. துளை போட்ட பட்டை உள்ள சாதா ஹோஸ் கிளிப் சிலிக்கானை அந்தத் துளை வழியாகப் பிதுக்கி அறுத்துவிடும். துளையில்லாத பட்டையை போல்ட்டால் இறுக்கும் டி-போல்ட் கிளாம்ப் வாங்குங்கள்.

சரி, உலோகத்துக்கு வருவோம். சாதா இரும்பை நான் ஒதுக்கிவிடுவேன். சைலன்சர் கடையில் அரை நாளில் முடித்துத் தருவார்கள், விலையும் குறைவு. ஆனால் அங்கே பெரும்பாலும் சிஓடூ வெல்டிங். அது பைப்புக்குள் சின்னச் சின்ன இரும்பு உருண்டைகளைத் தெறிக்க விடும். ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த உருண்டை என்றோ ஒருநாள் உதிர்ந்தால், அதிலும் த்ராட்டில் பக்கத்து பைப்பில் உதிர்ந்தால், நேராக இன்ஜினுக்குள் போகும். வெளியே பெயின்ட் அடிக்கலாம், உள்ளே துரு பிடிப்பதை என்ன செய்வது? அளவு பார்க்கும் மாதிரி பைப்புக்கு மட்டும் இரும்பு சரி.

ஸ்டெயின்லெஸ்ஸுக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, பலருக்கு இது தெரிவதில்லை. பால் பண்ணைகளில் பால் ஓடும் 304 பைப்பின் வெளி விட்டம் 50.8, 63.5 மி.மீ. என்று வரும். அதாவது சரியாக 2 இன்ச், இரண்டரை இன்ச். தடிமன் 1.6 மி.மீ. உட்புறம் பாலிஷ் செய்த 90 டிகிரி, 45 டிகிரி பெண்டுகளும் அதே அளவில் கிடைக்கும். டெய்ரி ஃபிட்டிங் விற்கும் கடையில் கேளுங்கள். சாதாரண பைப் கடையில் "2 இன்ச்" என்று கேட்டுவிடாதீர்கள். அங்கே அந்தப் பெயரில் தருவதன் வெளி விட்டம் 60.3 மி.மீ., உங்கள் ஹோஸ் அதில் ஏறவே ஏறாது. விட்டம் அளக்கும் வெர்னியரோடு போங்கள். கைப்பிடிச் சுவருக்கு விற்கும் மெல்லிய பைப்பும் வேண்டாம். அதில் நிறைய 202 ரகம், துருவை அவ்வளவாகத் தாங்காது. காந்தத்தை வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரித்துப் பார்க்க முடியாது. ரகம் பார்க்கும் சொட்டு மருந்து கடைக்காரரிடமே இருக்கும், போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

ஸ்டெயின்லெஸ்ஸில் கவனிக்க வேண்டிய ஒரே பெரிய விஷயம் பைப்பின் உட்புறம். வெளியே ஆர்கான் வாயு வெல்டைக் காக்கிறது, உள்ளே காக்க யாரும் இல்லை. உள்ளேயும் ஆர்கானை நிரப்பாமல் ஒட்டினால், மறுபக்கத்தில் கருகிய சர்க்கரை போலப் பொருபொருவென்று ஒரு கறுப்புப் பொருக்கு வரும். வெளியிலிருந்து பார்த்தால் வெல்டு தங்க நிறத்தில் அழகாக இருக்கும், உள்ளே இது உதிர்ந்துகொண்டிருக்கும். நல்ல வெல்டர் பைப்பின் இரண்டு வாயையும் டேப் ஒட்டி மூடி, ஒரு பக்கம் சின்ன ட்யூப் வழியாக ஆர்கானை விட்டு, மறுபக்கம் காற்று வெளியேற ஓர் ஊசித் துளை வைத்து, கொஞ்ச நேரம் காத்திருந்துதான் ஆர்க்கை (வெல்டிங் பொறியை) பிடிப்பார். அந்தக் காத்திருப்பைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். இணைப்பில் உருக்கிச் சேர்க்கும் கம்பி 308எல் ரகம்.

அலுமினியத்தின் பலம் எடை. 2 இன்ச், ஒன்றரை மி.மீ. பைப் மீட்டருக்கு 630 கிராம்தான். ஸ்டெயின்லெஸ் 1.8 கிலோவைத் தாண்டும். மொத்தமாக மூன்று நான்கு கிலோ வித்தியாசம் வரலாம், அதுவும் காரின் மூக்கில். டிராக்கில் ஓட்டுபவருக்கு இது முக்கியம். கோவை, பொள்ளாச்சி என்று ஓட்டுபவர் உணரப்போவதில்லை. உலோகம் என்ன ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 6061, 6063 இரண்டும் ஆகும். ஆனால் டி6 பதத்தில், அதாவது சூடேற்றிக் கடினமாக்கிய நிலையில், இருக்கும் பைப்பை உள்ளூரில் வளைக்கக் கொடுத்தால் விரிசல் விடும். மாண்ட்ரலில் (நசுங்காமல் உள்ளே அச்சு வைத்து) வளைத்த பெண்டுகளாகவே வாங்கி, வெட்டி ஒட்டுவதுதான் வழி. கம்பியில் 4043 என்று சொல்லிவிடுங்கள். 5356 கம்பியின் வெல்டு பலமாக இருக்கும், ஆனால் அதில் மக்னீசியம் அதிகம். தொடர்ந்து 65 டிகிரிக்கு மேல் இருக்கும் இடத்துக்கு அது ஆகாது. டர்போ பக்கத்து பைப்பில் சூடு அதைவிட இரண்டு மடங்கு.

அலுமினியத்தின் மேல் ஒரு ஆக்ஸைடு தோல் இருக்கிறது. உலோகம் 660 டிகிரியில் உருகும், அந்தத் தோல் 2,000 டிகிரி தாண்டினால்தான் உருகும். அதனால்தான் இதற்கு ஏசி மின்னோட்டம் தரும் டிக் (ஆர்கான் வெல்டிங்) மெஷின் வேண்டும். மின்னோட்டத்தின் ஒரு பாதி தோலை உடைக்கிறது, மறுபாதி உலோகத்தை உருக்குகிறது. மலிவாக வரும் கையடக்க இன்வெர்டர் டிக் மெஷின்களில் பெரும்பாலானவை டிசி மட்டும் தருபவை. ஸ்டெயின்லெஸ்ஸுக்கு அருமையாக ஓடும், அலுமினியத்துக்கு உதவாது. நீங்களே மெஷின் வாங்கி ஒட்டலாமா என்ற யோசனை இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு காருக்காக வாங்குவதில் அர்த்தமில்லை. கற்றுக்கொள்ளும் ஆசை இருந்தால் ஏசி, டிசி இரண்டும் உள்ளதை வாங்கி, முதலில் துண்டுகளில் பழகுங்கள்.

அப்புறம் ஆள் தேடுவது. நம் ஊரில் "ஆர்கான் வெல்டிங்" என்று போர்டு வைத்த எல்லோரும் இரண்டு உலோகத்தையும் ஒட்டுவதில்லை. ஸ்டெயின்லெஸ் என்றால் கார் பட்டறை பக்கமே போகாதீர்கள். பால், மருந்து, உணவுத் தொழிற்சாலைகளுக்குப் பைப் போடுபவரைப் பிடியுங்கள். உட்புறம் சுத்தமாக இல்லையென்றால் அவருடைய வேலையே திரும்பி வந்துவிடும். அவருக்கு உள்ளே ஆர்கான் விடுவது பழகிப்போன வேலை. அலுமினியம் என்றால் ரேடியேட்டர் டேங்க், அலாய் வீல், உடைந்த இன்ஜின் கேஸ் கவர் ஒட்டுபவர்கள். அதிலும் மெல்லிய ரேடியேட்டர் வேலை செய்பவர் இன்னும் மேல். தடியான வார்ப்பை ஒட்டிப் பழகிய கை ஒன்றரை மி.மீ. பைப்பை ஓட்டை போட்டுவிடும்.

போனதும் விலை பேசாதீர்கள். இரண்டு துண்டு பைப்பைக் கொடுத்து, நுனியோடு நுனி வைத்து ஒட்டித் தரச் சொல்லுங்கள், அதற்குக் காசு கொடுங்கள். ஒட்டிய துண்டை ஹேக்சாவில் நீளவாக்கில் அறுத்து உள்ளே பாருங்கள். ஸ்டெயின்லெஸ்ஸில் உட்புறம் வெள்ளியாகவோ வைக்கோல் நிறமாகவோ சீரான ஒரு கோடு தெரிய வேண்டும். கறுப்புப் பொருக்கு இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அலுமினியத்தில் உள்ளே வெல்டு லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். இணைப்புக் கோடு அப்படியே தெரிந்தால் மேலோடு மட்டும்தான் பிடித்திருக்கிறது, அதிர்வில் அங்கேதான் விரியும். சொட்டுச் சொட்டாகத் தொங்கினாலும் ஆகாது.

அவர் வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர், நான் கொண்டுபோன அலுமினியத் துண்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எண்ணெய் இருக்குதுங்க, தொடச்சுட்டு வாங்க. இதுல ஆர்க்கு நிக்காது." அசிடோனில் துடைத்துக் கொடுத்த பிறகு, அலுமினியத்துக்கென்று தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்த ஸ்டீல் பிரஷை எடுத்தார். இரும்பில் தேய்த்த பிரஷை அலுமினியத்தில் வைக்காத வெல்டரிடம் கண்ணை மூடிக்கொண்டு வேலையைக் கொடுக்கலாம். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே அடித்துவிட்டு ஒட்டுகிறவராக இருந்தால் உடனே தடுங்கள். குளோரின் கலந்த கிளீனர் ஆர்க்கின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். அது உயிருக்கே ஆபத்து.

வெட்டுவது உங்கள் வேலை, அதை வெல்டர் தலையில் கட்டாதீர்கள். துண்டுகள் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். காரில் பொருத்திப் பார்த்து, இணைப்பின் குறுக்கே மார்க்கரில் கோடு போட்டு, கழற்றிக் கொண்டுபோய் மேஜையில் வைத்து ஒட்டச் சொல்லுங்கள். காரிலேயே வைத்து ஒட்ட வேண்டாம், இசியூவுக்கும் (காரின் கம்ப்யூட்டர்) ஆல்டர்நேட்டருக்கும் அது நல்லதல்ல. மிஞ்சும் பூஸ்ட்டை வெளியேற்றும் ப்ளோ ஆஃப் வால்வு, சென்சர் இவற்றைப் பொருத்தும் ஃபிளாஞ்சுகளும் பைப்பின் அதே உலோகத்தில் இருக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் பைப்பில் அலுமினிய ஃபிளாஞ்ச் ஒட்டாது. இன்டர்கூலர் அலுமினியமாக இருப்பது பிரச்சினை இல்லை, நடுவில் ஹோஸ்தானே வருகிறது. இன்ஜின் தன் மவுன்ட்டில் ஆடும் என்பதால், இன்ஜினில் பிடித்த பைப்புக்கும் பாடியில் பிடித்த பைப்புக்கும் நடுவில் ஒரு ஹோஸ் கட்டாயம் இருக்கட்டும். நீளமான பைப்புக்கு ரப்பர் வைத்த பிராக்கெட் கொடுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு பைப்புக்குள்ளும் துணியைக் கட்டி இழுத்து, சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். மாட்டிய பிறகு, டர்போவின் காற்று உள்வாயில் டயர் வால்வு வைத்த மூடி ஒன்றை இறுக்கி, மெல்ல மெல்ல 1 பார் வரை காற்றடித்து, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். அந்த மூடிக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள், கழன்றால் குண்டு போல வரும். நுரை வராவிட்டால் ஓட்டலாம். சில நாள் சூடேறி ஆறிய பிறகு டி-போல்ட்டுகளை ஒரு சுற்று பாருங்கள், புது சிலிக்கான் கொஞ்சம் அமுங்கியிருக்கும்.