ஸ்பீக்கரைச் சோதிக்க எந்தப் பாட்டு?
கடையில் அசத்திய ஸ்பீக்கர் வீட்டில் பேஸ் (அடித்தள ஒலி) மட்டும் கும்மென்று முட்டுகிறது, எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். டெமோ பாட்டுகளைத் தேடாதீர்கள். அவை எந்தப் பெட்டியிலும் இனிக்கும். பாடகர் எங்கே மூச்சு வாங்குகிறார் என்பது வரை உங்களுக்குத் தெரிந்த பழைய பாட்டுதான் வேண்டும்.

முதலில் ஒரு குரல், ஒரு வாத்தியம் மட்டும் உள்ள பாட்டு. குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்க வேண்டும். சிதறினால் ஒரு பக்க வயரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கலாம். ஆனால் அப்படி மாறினால் பேஸ் மெலியும், முட்டாது. உங்கள் வீட்டில் அதுவாக இருக்காது.

அப்புறம், பேஸ் கிட்டார் படிப்படியாக இறங்கும் பாட்டு ஒன்று. நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் அடிச்சுரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். 4 மீட்டர் நீள அறையோ 43 ஹெர்ட்ஸை ஒட்டித் தானே அதிரும். அதனால் ஓரிரு சுரம் மட்டும் வீங்கினால் அறையின் வேலை. எல்லாச் சுரமும் ஊதினால் ஸ்பீக்கர் சுவரை ஒட்டியிருக்கிறதா பாருங்கள். கொஞ்சம் முன்னால் இழுத்து அதே பாட்டைப் போடுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக வையுங்கள். சற்றே உரக்க ஒலிப்பதே நல்லதாகத் தோன்றும். நானே அப்படி ஏமாந்து ஓர் ஆம்ப்ளிஃபையர் வாங்கியவன்தான்.