வால்வை எடுத்தாயிற்று, சிறுநீர்ப்பை?

கேள்வி: ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தையின் சிறுநீரகம் வீங்கியிருக்கிறது என்றார்கள். கலங்கிப்போயிருக்கிறோம்.

பதில்: ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா என்று அறிக்கையில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் லேசான வீக்கம், பனிக்குட நீரும் போதுமான அளவு என்றால் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். இரண்டு பக்கமும் வீங்கி, சிறுநீர்ப்பையின் சுவர் தடித்து, பை எப்போது பார்த்தாலும் நிறைந்தே இருந்தால், கீழே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு (ஆண் குழந்தை என்றால் 'வால்வு' எனப்படும் பிறவித் திரை) இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நான்காம் மாதத்துக்குப் பிறகு பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். அது வற்றினால் நுரையீரல் வளர்ச்சியும் தடைப்படும். குழந்தைகள் அறுவைசிகிச்சை நிபுணர் இருக்கும் மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கருவிலேயே குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்கலாமாமே?

பதில்: வைக்கலாம். இதனால் பலன் உண்டா என்று பார்க்க பிரிட்டன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய 'புளூட்டோ' ஆய்வு 2013-இல் வெளியானது. அதில் 31 தாய்மார்கள்தான் சேர்ந்தார்கள். குழாய் வைத்த குழந்தைகள் பிழைப்பது கூடியதுபோல் தெரிந்தது. சிறுநீரகம் நன்றாக இயங்கிய பிள்ளைகளோ மிகச் சிலர். அதனால் எல்லோருக்கும் இதைச் சொல்வதில்லை.

கேள்வி: ஸ்கேனிலேயே கண்டுபிடித்து, பிறந்த பத்தாம் நாள் வால்வை நீக்கிவிட்டார்கள். பையனுக்கு இப்போது ஆறு வயது. பள்ளியில் டிரவுசர் நனைகிறது. சோம்பல் என்கிறார் ஆசிரியை.

பதில்: சோம்பல் இல்லவே இல்லை. ஆசிரியைக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். ஆண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் இந்த வால்வு, சிறுநீர்ப் பாதையில் திரைபோலக் குறுக்கே நிற்கும். பிறப்பதற்கு முன்பே பல மாதம் அதை எதிர்த்து முக்கிமுக்கிச் சிறுநீரைத் தள்ளிய பை அது. தசை தடித்து, நெகிழ்வை இழந்திருக்கும். திரையை எடுத்தால் வழி திறக்கும், தசை உடனே மாறாது. ஸ்கேன் அடைப்பைத்தான் காட்டும். ஆறு வயதில் அந்தப் பை எப்படி வேலை செய்யும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்று: பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாது, நீர் அதிகமாகவே இறங்கும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு சிறுவன், வீட்டில் திட்டு விழுமென்று, காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வறண்ட உதட்டோடு உட்கார்ந்திருந்தான். அந்த முகத்தை என்னால் மறக்க முடியவில்லை.

இரண்டு நாள் அவன் கழிக்கும் சிறுநீரை அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தோடு எழுதிவையுங்கள். வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் பையின் உத்தேசக் கொள்ளளவு. உங்கள் மகனுக்கு 240 மி.லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கப் போகச் சொல்லுங்கள். போய் வந்து சில நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை. மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்ய வேண்டும். பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மருந்தா, குழாய் விட்டு வடிப்பதா என்று முடிவு செய்ய அது உதவும்.

கேள்வி: இதே வால்வை நீக்கிய எங்கள் மகனுக்குப் பதினைந்து வயது. இப்போது நனைவதே இல்லை. பரிசோதனையை நிறுத்தலாமா?

பதில்: கூடாது. விடலைப் பருவத்தில் அந்தத் தசை களைத்துப்போய், பை பெரிதாகி, சிறுநீர் தேங்கலாம். நனையாததற்கே அதுகூடக் காரணமாக இருக்கலாம். சிறுநீர் கழித்தபின் மிச்சம் எவ்வளவு என்று ஸ்கேன், சிறுநீரகம் எப்படி இயங்குகிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம் மூன்றையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.