கோரைக்காகக் கொல்லை முழுவதும் மருந்தடிக்க வேண்டாம்

கேள்வி: மன்னார்குடி அருகேயுள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் சென்ற ஆண்டு இரண்டு லோடு வண்டல் அடித்தோம். மழைக்குப் பின் கோரை, கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை எல்லாம் மண்டிவிட்டன. ஒரே மருந்தில் அத்தனையும் கருகிவிடும் என்கிறார் கடைக்காரர். கோரையும் பாய் முடைய உதவும் செடிதானே? எவற்றை விட்டுவைப்பது?

பதில்: களை என்று தனியாக ஓர் இனம் கிடையாது, கத்தரிப் பாத்தியில் தானாக முளைத்த நெல்லும் அங்கே களைதான். கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் பாத்திக்குள் இடைஞ்சல் செய்தால் ஈரத்தில் இழுத்தாலே வந்துவிடும். வேலியோரம் இருந்தால் இருக்கட்டும். மூக்கிரட்டை இலையைக் கீரையாகச் சமைக்கலாம்.

உங்கள் கொல்லையில் உண்மையான களை கோரை ஒன்றே. முசிறி, கரூர்ப் பக்கம் காவிரிக்கரையில் பயிராக்கி, ஆளுயரம் வளர்ந்தபின் அறுத்துப் பாய் முடைவது வேறு கோரை. உங்களுடையது முழங்காலளவே வளரும், மண்ணுக்குள் சங்கிலிபோல் கிழங்குகளைக் கோத்துவைத்திருக்கும் கோரை; அதில் ஒரு கோரைப்பாயும் முடைய முடியாது. அந்தக் கிழங்கு நாட்டுமருந்துக் கடையில் விலைபோகிறதே என்று அதை வளர்க்கவும் வேண்டாம். மண்வெட்டியால் கொத்தினால் சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் முளைக்கும். ஈரத்தில் கிழங்கோடு தோண்டியெடுங்கள். மீண்டும் தலைகாட்டும் தளிரை வாரந்தோறும் கிள்ளுங்கள். மேலே பூசணிக்கொடியைப் படரவிடுங்கள். நிழலில் கோரை சோர்ந்துவிடும்.

கடைக்காரர் சொல்லும் மருந்து பெரும்பாலும் கிளைபோசேட்டாகத்தான் இருக்கும். அது கோரையென்றும் கீரையென்றும் பார்க்காது. காற்றில் பறந்து பச்சை இலை எதில் பட்டாலும் வேர்வரை இறங்கும். ஆனால் தளிர்விடாமல் உறங்கும் கோரைக்கிழங்கு அதற்குத் தப்பிவிடும், மறுமாதம் நீங்கள் மீண்டும் அதே கடைக்குப் போவீர்கள். இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தி மத்திய அரசு 2022-இல் ஆணை பிறப்பித்ததை உங்களுக்கு யாராவது சொன்னார்களா? ரசீது கேளுங்கள், புட்டியோடு வரும் தாளில் வீட்டுக் கொல்லைக்கு அனுமதி இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். வேளாண் அலுவலரை அணுகுங்கள் என்று எழுதிவிடலாம்தான். நெல்லைத் தாண்டி நிமிர நேரமில்லாத அவர்களிடம் கொல்லைச் செடியைக் கொண்டுபோனால் யார் பார்ப்பது? அந்த வெற்றிடத்தில்தான் கடைக்காரர் நிபுணராகிறார்.

இந்தக் கோரை பெரும்பாலும் நீங்கள் விலைகொடுத்து வாங்கிய வண்டலோடு வந்ததே. “சுத்தமான ஆற்று வண்டல்” என்னும் தரகர் பேச்சை நம்பாமல், அடுத்தமுறை லோடு இறக்குமுன் நாலைந்து இடத்தில் கைவிட்டு மண்ணை எடுத்து உதிர்த்துப் பாருங்கள். கறுத்த சிறு கிழங்கு அகப்பட்டு, உடைத்தால் வாசனை வீசினால், வண்டியை அப்படியே திருப்பியனுப்புங்கள்.