ஃப்ரான்சைஸ் ரினீவல்ல "ரிலீஸ்" கையெழுத்து கேக்கறாங்க, போட்டுடலாமா?

நீங்க கேட்டது இதுதானே: திருப்பூர்ல ஜூஸ் கடை, ஒரு பிராண்டோட பேர்ல நடத்த அவங்களோட போட்ட அஞ்சு வருஷ ஃப்ரான்சைஸ் அக்ரிமெண்ட் முடியுது, ரினீவல் பேப்பர்ல "இன்னைக்கு வரைக்கும் கம்பெனி மேல எனக்கு இருக்கற, தெரிஞ்ச, தெரியாத எல்லா கிளைமையும் விட்டுக் கொடுக்கறேன்"னு ஒரு பாரா இருக்கு, அதுதான் ரிலீஸ், ஏரியா மேனேஜர் அது சும்மா ஃபார்மாலிட்டி சார்ங்கறார். ஃபார்மாலிட்டி எல்லாம் இல்லைங்க. நான் வேற ஒரு பிராண்டோட ஹெட் ஆபீஸ்ல அக்ரிமெண்ட் வேலை பாத்தவன், இந்த மாதிரி பேப்பரை ரெடி பண்ணி அனுப்பறதே என் வேலை. ரினீவலுக்கு வர்ற கடைங்க லிஸ்ட்டை எடுத்து, யார் யாருக்கு பாக்கி இருக்கு, யார் கம்ப்ளைன்ட் மெயில் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டுதான் பேப்பரே கிளம்பும்.

இந்த பாரா பெரும்பாலும் அமெரிக்க டெம்ப்ளேட்ல இருந்து வந்தது. அங்க ஃப்ரான்சைஸ் கொடுக்கறவங்க கையெழுத்துக்கு 14 நாள் முன்னாடியே எல்லா விவரமும் எழுதின டிஸ்க்ளோஷர் டாக்குமெண்ட் கொடுத்தாகணும், ரினீவலுக்கும் டிரான்ஸ்ஃபருக்கும் என்னென்ன கண்டிஷன்னு அதுல 17-வது ஐட்டத்துல டேபிளா இருக்கும், ரிலீஸ் கேட்டா அதுவும் அங்கயே தெரிஞ்சுடும். வாஷிங்டன் மாநிலத்துல இன்னும் ஸ்ட்ரிக்ட், அந்த ஊர் ஃப்ரான்சைஸ் சட்டம் கொடுக்கற உரிமையை இப்படி எழுதி வாங்கினா செல்லாது, ரெண்டு பக்கமும் தனித்தனி வக்கீல் வச்சு பேசி முடிச்ச செட்டில்மெண்டா இருந்தாதான் நிக்கும். நம்ம ஊர்ல காப்பி அடிச்சவங்க பாராவை மட்டும் எடுத்துக்கிட்டாங்க, அதைக் கட்டிப் போடற சட்டம் இங்க இல்ல. ஃப்ரான்சைஸுக்குன்னு தனிச் சட்டமே கிடையாது, 1872-ம் வருஷத்து காண்ட்ராக்ட் ஆக்ட்தான்.

அந்த ஆக்ட்ல 63-வது செக்‌ஷனைப் படிங்க. உங்களுக்கு வர வேண்டியதை நீங்களா விட்டுக் கொடுத்தா அது செல்லும், பதிலுக்கு ஒத்தை ரூபா வாங்கலைன்னாலும் செல்லும். அதுல போட்டிருக்கற உதாரணமே பயமா இருக்கும்: 5,000 ரூபா வர வேண்டியவன் 2,000 வாங்கிட்டு கணக்கு முடிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டான்னா மொத்தக் கடனும் தீர்ந்துது. அதனால "அவங்க எனக்கு எதுவுமே தரலையே, அப்புறம் எப்படி செல்லும்"னு பின்னாடி கேக்க முடியாது.

கையெழுத்துப் போட்டுட்டு அப்புறமா மிரட்டி வாங்கிட்டாங்கன்னு சொல்லிக்கலாம்னு சிலர் ஐடியா கொடுப்பாங்க. 2008-ல நேஷனல் இன்ஷூரன்ஸ் எதிர் போகாரா பாலிஃபேப் கேஸ்ல சுப்ரீம் கோர்ட், ஃபுல் அண்ட் ஃபைனல்னு, அதாவது கணக்கு முழுசா தீர்ந்ததுன்னு வவுச்சர்ல கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாலும் அது கட்டாயப்படுத்தி வாங்கினதுன்னு சொன்னா விஷயம் ஆர்பிட்ரேஷனுக்கு, அதாவது கோர்ட்டுக்கு வெளியில நடுவர்கிட்ட போகலாம்னு சொன்னது உண்மைதான். ஆனா 2014-ல ஜீனஸ் பவர் கேஸ்ல கையெழுத்துப் போட்டு கிட்டத்தட்ட மூணு வாரம் கழிச்சுதான் எதிர்ப்பே வந்துச்சு, வெறுமனே மிரட்டினாங்கன்னு சொன்னா போதாதுன்னு தள்ளிட்டாங்க. உங்க கேஸ்ல மிரட்டல்னா என்ன, "கையெழுத்து இல்லைன்னா ரினீவல் இல்லை", அவ்ளோதானே. அதை பிசினஸ் முடிவுன்னுதான் எதிர் வக்கீல் சொல்வார், எனக்கே அது பலமான வாதமாத்தான் தெரியுது.

ஒரே ஒரு இடத்துல சட்டம் உங்க பக்கம். "90 நாளைக்குள்ள கம்ப்ளைன்ட் பண்ணலைன்னா கம்பெனிக்கு பொறுப்பு இல்லை"ன்னு உங்க பேப்பர்ல ஏதாவது இருந்தா, 28-வது செக்‌ஷன்ல 1997-ல வந்த திருத்தப்படி, டைம் முடிஞ்சா உரிமையே போச்சுங்கற அந்த மாதிரி கண்டிஷன் செல்லாது.

டெபாசிட்டு, டேமேஜ் ஸ்டாக்குக்கு வர வேண்டிய கிரெடிட் நோட்டு (உங்க கணக்குல வரவு வைக்கற சீட்டு), உங்க ஏரியாவுக்குள்ளயே அவங்க ஆரம்பிச்ச டெலிவரி கிச்சனு, இதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பயப்படறது அந்த "தெரியாத" கிளைமுக்குத்தான். கம்பெனி உங்களுக்கு சிரப்பும் கப்பும் பில் போட்டு அனுப்புது, நீங்க ஜிஎஸ்டியோட பணம் கட்டி, அந்த டேக்ஸை உங்க டேக்ஸ்ல கழிச்சு இன்புட் எடுத்துட்டீங்க, அவங்க அந்த டேக்ஸை கவர்மெண்ட்டுக்கு கட்டலைன்னு வைங்க, ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டீஸ் வர்றது உங்க கடைக்கு, இன்புட்டை வட்டியோட திருப்பிக் கட்டுன்னு. அந்தப் பணத்தை பிராண்ட்கிட்ட கேக்கப் போனா ரினீவல் அன்னைக்கு நீங்க போட்ட கையெழுத்தை எடுத்து நீட்டுவாங்க. கேரண்டரா உங்க வீட்டம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தா, ரிலீஸ்ல அவங்க பேரும் இருக்கான்னு பாருங்க, இருந்தா அவங்க பக்கத்து கிளைமும் சேந்து போகுது.

அதுக்காக ரினீவலே வேணாம்னு சொல்லலை, நல்லா ஓடற கடையை யாரும் விட மாட்டாங்க. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு மெயில் போடுங்க, போன்ல பேசறது கணக்குல வராது. அதுல டெபாசிட் இவ்வளவு, பெண்டிங் கிரெடிட் நோட் இன்னின்ன நம்பர்னு எழுதி, இதெல்லாம் ரிலீஸ்ல வராது, ஜிஎஸ்டியால பின்னாடி வர்ற நஷ்டமும் வராதுன்னு ஒரு வரி சேக்கச் சொல்லுங்க. "தெரியாத"ங்கற வார்த்தையை அடிக்கச் சொல்லுங்க. கூடவே அவங்களும் உங்களை ரிலீஸ் பண்ணணும்னு கேளுங்க, பழைய ராயல்டி (பிராண்டுக்கு நீங்க கட்டற பங்கு) பாக்கின்னு நாளைக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் வரக்கூடாதில்ல. நான் இருந்த ஆபீஸ்ல இப்படி எழுத்துல கேட்டவங்களுக்கு பாதியாவது கிடைச்சுது, காரணம் வேற ஒண்ணுமில்லை, அந்தக் கடையை மூடினா புது ஆளைப் பிடிக்கற செலவு அதிகம்.

பாராவைத் தொடவே மாட்டோம்னு அடம் பிடிச்சா, முதல்ல அக்கவுண்ட்ஸ்ல இருந்து உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவுன்னு சீல் போட்ட பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் லெட்டரை வாங்கி, அதுல இருக்கற தொகையை ரினீவல் ஃபீஸ்ல கழிச்சுக்கச் சொல்லிட்டு அப்புறமா பேனாவை எடுங்க. டிராஃப்ட்டை திருப்பூர்லயே ஒரு சிவில் வக்கீல்கிட்ட காட்டிடுங்க, ஆர்பிட்ரேஷன் எந்த ஊர்லன்னு போட்டிருக்குன்னும் கேளுங்க, டெல்லின்னு இருந்தா சின்னத் தொகைக்கெல்லாம் யாரும் ரயில் ஏற மாட்டாங்கங்கற கணக்குலதான் அது இருக்கும்.